இம்போர்ட் ஆகவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள், எங்கே கோளாறு என்று பார்ப்போம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறித்த கொழுந்தை எடை போட்டு ஃபாக்டரி வண்டியில் ஏற்றிவிட்டால் கையில் ஒரு சீட்டு வரும். மொத்த எடை, சாக்கு எடை, ஈரத்துக்குக் கழிவு, நிகர எடை எல்லாம் அதில் இருக்கும். மாதக் கடைசியில் இந்தச் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கப் பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் கேட்க, ஒரே கோப்பு 900 வரிக்கு வளர்ந்துவிட்டது. சரி, ஒழுங்காகப் பல கோப்புகளாகப் பிரித்து ஒரு பேக்கேஜாக, அதாவது ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிய தொகுப்பாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி. ஒரு கோப்பு இன்னொன்றில் உள்ளதை எடுத்துக்கொள்ள எழுதும் வரிதான் இம்போர்ட். ஒரு வாரம் முழுக்க விதவிதமான இம்போர்ட் பிழைகள். அவற்றை எப்படி அவிழ்த்தேன் என்பதை, வந்த அறிகுறிப்படியே இங்கே எழுதுகிறேன்.

பிரித்தபின் ஃபோல்டர் இப்படி இருந்தது:

கணக்கு/
    கொழுந்து/
        __இனிட்__.பிஒய்
        எடை.பிஒய்
        விலை.பிஒய்
        அறிக்கை.பிஒய்
        தாலுகா/
            __இனிட்__.பிஒய்
            குன்னூர்.பிஒய்
            குந்தா.பிஒய்
            கோத்தகிரி.பிஒய்

கோப்புப் பெயர்களை நிஜமாகவே தமிழில்தான் வைத்திருக்கிறேன். 2008இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிக்கும் மாட்யூலுக்கும் (ஒவ்வொரு பிஒய் கோப்பும் ஒரு மாட்யூல்) தமிழ்ப் பெயர் செல்லும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற தொல்லையும் இல்லை. ஆனால் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி __இனிட்__, பிஒய் போன்றவற்றையும் கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இது

குறியீட்டில் கை வைக்காதீர்கள். பிழை வரும் கோப்பின் தலையில் இந்த மூன்று வரியை மட்டும் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள்:

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.பாத்)
பிரிண்ட்(__நேம்__)

சிஸ்.பாத் என்பது பைத்தான் மாட்யூல்களைத் தேடிப் போகும் ஃபோல்டர்களின் பட்டியல். மேலிருந்து கீழாகத் தேடும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். __நேம்__ என்பது அந்தக் கோப்பு தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும். இம்போர்ட் சண்டையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு விடையிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கே நின்று தேடுகிறது, தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறது, இவ்வளவுதான் கேள்வி.

அறிகுறி: நோ மாட்யூல் நேம்ட் 'கொழுந்து'

என் அக்கா மகன் குன்னூரில் படிக்கிறான். நிரலை அவனுக்கு அனுப்பிய அன்றே போன் வந்தது.

"மாமா, உங்க லேப்டாப்புல ஓடுது. இங்க கொழுந்தே இல்லைங்குது."

"எங்க நின்னு ஓட்டின?"

"கொழுந்து ஃபோல்டருக்குள்ள போயி, பைத்தான் அறிக்கை டாட் பிஒய்னு அடிச்சேன்."

அங்கேதான் கோளாறு. ஒரு கோப்பை நேரடியாகப் பெயர் சொல்லி ஓட்டினால், அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர்தான் சிஸ்.பாத்தின் முதல் இடத்தில் போய் உட்காரும். நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்தீர்கள் என்பது கணக்கில்லை. ஆக, தேடல் கொழுந்து ஃபோல்டருக்குள்ளேயே தொடங்குகிறது. உள்ளே எடை இருக்கிறது, விலை இருக்கிறது, கொழுந்து என்று ஒன்று இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதே வீட்டை அலமாரிக்குள் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

செய்ய வேண்டியது: ஒரு படி மேலே, கணக்கு ஃபோல்டருக்கு வந்து,

பைத்தான் -எம் கொழுந்து.அறிக்கை

என்று கொடுங்கள். -எம் போட்டால், நீங்கள் நிற்கும் ஃபோல்டர் தேடல் பட்டியலின் முதலில் வரும். கொழுந்து கண்ணுக்குத் தெரியும். சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி, கடைசியில் பிஒய் கூடாது. பழக்கத்தில் பிஒய் சேர்த்து அடித்தாலும் பைத்தானே திருத்திச் சொல்லிவிடும்.

எடிட்டரில் இருக்கும் ஓட்டு பொத்தானும் பெரும்பாலும் கோப்பை நேரடியாகத்தான் ஓட்டுகிறது. "நான் டெர்மினல் பக்கமே போகலையே" என்பவர்களுக்கும் இதே பிழை வருவது அதனால்தான்.

இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், கோப்பின் தலையில் சிஸ்.பாத்.அப்பெண்ட் என்று ஒரு வரி சேர்ப்பது. நானும் சேர்த்தேன், ஓடியது. அதில் என் லேப்டாப்பின் முழு முகவரி இருந்ததால் அடுத்த லேப்டாப்பில் ஓடவில்லை. அதைவிட மோசம் இன்னொன்று. ஒரே கோப்பு ஒரு பக்கம் 'கொழுந்து.எடை' என்ற பெயரிலும், இன்னொரு பக்கம் வெறும் 'எடை' என்ற பெயரிலும் இரண்டு தடவை ஏறி உட்கார்ந்துகொண்டது. பைத்தானுக்கு அவை இரண்டு வேறு மாட்யூல்கள். ஒன்றில் மாற்றிய சாக்கு எடை மற்றதில் மாறவில்லை, கணக்கு 2 கிலோ இடித்தது. அந்த வரியை எடுத்து எறியுங்கள்.

அறிகுறி: அட்டெம்ப்டெட் ரிலேடிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்

அறிக்கைக்குள் 'ஃப்ரம் .விலை இம்போர்ட் தர_விலை' என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளிக்கு "என் பேக்கேஜிலேயே இருக்கும் விலை" என்று பொருள். இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே உள்ள பேக்கேஜ்.

எங்கள் ஊர்ப்பக்கம் வழி கேட்டால் "மேல் வீட்டுக்கு அடுத்த வீடு" என்பார்கள். கேட்பவர் அந்த ஹட்டியிலேயே (சிற்றூரிலேயே) நின்றால் சரியாகப் போய்ச் சேருவார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அதையே சொன்னால், எந்த ஊர் மேல் வீடு என்று டிரைவர் கேட்பார். கோப்பை நேரடியாக ஓட்டும்போது அதன் __நேம்__ '__மெயின்__' என்று ஆகிவிடுகிறது. தான் கொழுந்து என்ற ஊரைச் சேர்ந்தவன் என்பதே அதற்குத் தெரியாது. பிறகு புள்ளிக்கு என்ன அர்த்தம்?

வைத்தியம் மேலே சொன்னதேதான்: -எம் போட்டு ஓட்டுங்கள். புள்ளியை எடுத்துவிட்டு 'ஃப்ரம் விலை இம்போர்ட்' என்று மாற்றாதீர்கள். நேரடியாக ஓட்டும்போது சரியாகிவிட்டது போலத் தோன்றும். வேறொரு கோப்பு கொழுந்து.அறிக்கையை இம்போர்ட் செய்யும் அன்றைக்கு விலையைக் காணோம் என்று நிற்கும்.

'பியாண்ட் டாப்-லெவல் பேக்கேஜ்' என்று செய்தி வந்தால் புள்ளி அதிகமாகிவிட்டது, உச்சிப் பேக்கேஜையும் தாண்டி மேலே ஏறப் பார்க்கிறீர்கள். மூன்று புள்ளி வைக்கும் நிலைக்கு வந்துவிட்டால் நான் புள்ளியையே விட்டுவிட்டு 'ஃப்ரம் கொழுந்து.விலை இம்போர்ட்' என்று முழு முகவரி எழுதிவிடுவேன். படிக்கிறவருக்கும் அது எளிது.

அறிகுறி: மாட்யூல் 'சிஎஸ்வி' ஹேஸ் நோ ஆட்ரிப்யூட் 'ரீடர்'

சிஎஸ்வி என்பது அட்டவணைக் கோப்புகளைப் படிக்கப் பைத்தானோடு வரும் மாட்யூல். அதில் ரீடர் இல்லாமல் இருக்குமா? இருக்கும், அந்த சிஎஸ்வி உங்களுடையதாக இருந்தால். சீட்டு விவரத்தை அட்டவணையாக்க ஒரு துண்டு நிரல் எழுதி, யோசிக்காமல் அதற்கு சிஎஸ்வி.பிஒய் என்று பெயர் வைத்துவிட்டேன். உங்கள் ஃபோல்டர் சிஸ்.பாத்தில் முதலில் இருக்கிறது, பைத்தானின் சொந்த நூலகம் அதற்குப் பின்னால். முதலில் கண்ணில் பட்டது என் கோப்புதான்.

சந்தேகம் வந்தால் பிரிண்ட்(சிஎஸ்வி.__ஃபைல்__) போடுங்கள், எந்த வீட்டு சிஎஸ்வி என்று முகவரியோடு சொல்லிவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. பைத்தான் 3.13இலிருந்து பிழைச் செய்தியே "நூலகப் பெயரோடு மோதுகிறது, பெயரை மாற்று" என்ற பொருளில் சொல்கிறது. நல்ல காரியம், எனக்கு அது கிடைக்கவில்லை. ராண்டம், ஈமெயில், காலண்டர், டைப்ஸ் இவையெல்லாம் ஆங்கிலத்தில் கோப்புக்குப் பெயராக வைக்கக் கை துடிக்கும் சொற்கள். வைக்காதீர்கள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: "நோ மாட்யூல் நேம்ட் 'கொழுந்து.விலை'; 'கொழுந்து' இஸ் நாட் எ பேக்கேஜ்." பேக்கேஜின் பெயரிலேயே கொழுந்து.பிஒய் என்று ஒரு கோப்பையும் அதே பேக்கேஜுக்குள் வைத்து, அதை நேரடியாக ஓட்டினால் இது வரும். கோப்புக்குள் கோப்பைத் தேட முடியாது என்பதுதான் புகார். கோப்பின் பெயரை மாற்றுங்கள்.

அறிகுறி: பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்

இதுதான் என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது. 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. ஆனாலும் ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் வீட்டில் இருட்டுதான். லேப்டாப்பில் 18 சதவீதம் சார்ஜ், பக்கத்தில் மெழுகுவர்த்தி.

விலை கோப்பின் முதல் வரி: 'ஃப்ரம் .எடை இம்போர்ட் நிகர_எடை'. விலை கணக்குப் போட நிகர எடை வேண்டும், நியாயம். அப்புறம் ஒரு நாள், சீட்டில் எடைக்குப் பக்கத்திலேயே ரூபாயும் தெரியட்டும் என்று ஆசைப்பட்டு, எடை கோப்பின் முதல் வரியாக 'ஃப்ரம் .விலை இம்போர்ட் தர_விலை' சேர்த்தேன். உடனே, "கேன்னாட் இம்போர்ட் நேம் 'நிகர_எடை' ஃப்ரம் பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல் 'கொழுந்து.எடை'."

நிகர_எடை அந்தக் கோப்பில் கண்ணெதிரே இருக்கிறது. எழுத்துப்பிழையும் இல்லை. பிறகு ஏன்?

பைத்தான் நடந்த பாதையில் நாமும் நடந்து பார்க்க வேண்டும். அறிக்கை முதலில் எடையைக் கேட்கிறது. பைத்தான் எடை என்ற பெயரில் ஒரு வெற்று மாட்யூலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கோப்பை முதல் வரியிலிருந்து ஓட்டத் தொடங்குகிறது. அந்தப் பதிவேட்டுக்குப் பெயர் சிஸ்.மாட்யூல்ஸ். முதல் வரி விலையைக் கேட்கிறது. எடையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு விலைக்குப் போகிறது. விலையின் முதல் வரி எடையிடம் நிகர_எடையைக் கேட்கிறது. பதிவேட்டில் எடை ஏற்கெனவே இருப்பதால் பைத்தான் கோப்பை மறுபடி திறப்பதில்லை. பதிவேட்டில் இருப்பதோ முதல் வரியைக்கூட முடிக்காத எடை. நிகர_எடை வரையறுக்கப்பட்டது இருபதாவது வரியில், அங்கே இன்னும் போகவேயில்லை. "பாதி தயாரான மாட்யூல்" என்று செய்தி சொல்வது இதைத்தான்.

இன்னொரு குழப்பம்: அறிக்கை முதலில் விலையைக் கேட்டிருந்தால் இதே கோளாறு 'தர_விலை'யைக் காணோம் என்று வேறு பெயரில் வந்திருக்கும். ஆகவே செய்தியில் இருக்கும் பெயரைத் துரத்தாதீர்கள். பிழைத் தடத்தைக் கீழிருந்து மேலாகப் படித்து, எந்தக் கோப்பு இரண்டு தடவை வருகிறது என்று பாருங்கள். அந்த வளையம்தான் நோய்.

தீர்வு, என் அனுபவத்தில், பெரும்பாலும் இம்போர்ட் வரியில் இருக்காது. ரூபாய் போட்ட சீட்டை அச்சடிப்பது எடையின் வேலையே இல்லை. அந்த ஃபங்ஷனைப் பெயர்த்துச் சீட்டு.பிஒய் என்று புதிய கோப்பில் வைத்தேன். சீட்டு எடையையும் விலையையும் கேட்கும், அவர்கள் இருவரும் சீட்டைக் கேட்க மாட்டார்கள். வளையம் அறுந்தது. அவசரத்துக்கு வேண்டுமானால் இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள்ளே தள்ளலாம், கூப்பிடும் நேரத்தில் இரண்டு கோப்பும் முழுதாகத் தயாராகியிருக்கும். அல்லது இரண்டு கோப்பிலுமே மாட்யூலை மட்டும், எடையில் 'ஃப்ரம் . இம்போர்ட் விலை' என்றும் விலையில் 'ஃப்ரம் . இம்போர்ட் எடை' என்றும் எடுத்துக்கொண்டு, உள்ளே விலை.தர_விலை, எடை.நிகர_எடை என்று கூப்பிடலாம். இரண்டும் ஓடும். ஆனால் அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகும் கூரை அது.

அறிகுறி: 'கொழுந்து'வில் 'விலை' என்ற ஆட்ரிப்யூட் இல்லை

'இம்போர்ட் கொழுந்து' என்று மட்டும் எழுதிவிட்டுக் கீழே கொழுந்து.விலை என்று தொட்டிருப்பீர்கள். பேக்கேஜை இம்போர்ட் செய்தால் அதன் __இனிட்__ மட்டும்தான் ஓடும், உள்ளே இருக்கும் கோப்புகள் தாமாக ஏறாது. 'இம்போர்ட் கொழுந்து.விலை' என்று எழுதுங்கள். எப்போதும் வேண்டுமென்றால் __இனிட்__ கோப்பில் 'ஃப்ரம் . இம்போர்ட் விலை' என்று ஒரு வரி. எல்லாவற்றையும் அங்கே கொட்டி வைக்காதீர்கள், மேலே சொன்ன வளையத்துக்கு அதுவே விதை.

அப்படி எழுதியும் உள்ளே ஒன்றுமே இல்லை என்றால் மாட்யூலையே பிரிண்ட் செய்து பாருங்கள். 'நேம்ஸ்பேஸ்' என்ற சொல் தென்பட்டால், __இனிட்__ இல்லாத ஏதோ ஒரு ஃபோல்டரைப் பைத்தான் பேக்கேஜாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 3.3இலிருந்து அதற்கு அனுமதி உண்டு. கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றியபின், பைத்தான் தானே உருவாக்கும் __பைகேஷ்__ மட்டும் மிஞ்சிய பழைய ஃபோல்டர் இப்படி வேஷம் போடும். அதை அழித்துவிடுங்கள்.

அறிகுறி: திருத்தினேன், திருத்தம் தெரியவில்லை

ஊடாட்ட முனையமோ ஜூபிட்டர் நோட்புக்கோ திறந்தபடி இருந்தால், முதல் இம்போர்ட் பதிவேட்டில் அப்படியே நிற்கும். மூடித் திறங்கள். இம்போர்ட்லிப்.ரீலோட் என்று ஒன்று உண்டு. ஆனால் ஃப்ரம் போட்டு எடுத்த பெயர்கள் பழையதாகவே இருக்கும், அதனால் நான் அதை நம்புவதில்லை.

மூடித் திறந்தும் மாறவில்லையா? __ஃபைல்__ பாருங்கள். சைட்-பேக்கேஜஸ் என்று வந்தால், எப்போதோ பிப் (பேக்கேஜ் நிறுவும் கருவி) மூலம் நிறுவிய பழைய நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: நிறுவியாயிற்று, ஆனாலும் காணோம்

மேட்டுப்பாளையத்தில் ஏறும் மலை ரயிலுக்குக் குன்னூரில் எஞ்சின் மாறும். பல்சக்கர எஞ்சின் அங்கே கழன்று, வேறு எஞ்சின் ஊட்டிக்குக் கொண்டுபோகும். பெட்டி அதேதான். உங்கள் நிரலும் அந்தப் பெட்டி மாதிரி. டெர்மினலில் ஒரு பைத்தான், எடிட்டரில் இன்னொன்று, பிப் மூன்றாவது ஒன்றுக்குச் சொந்தம். பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்) போட்டால் எந்த எஞ்சின் என்று தெரியும். இனி வெறும் பிப் என்று அடிக்காமல் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்றே அடியுங்கள், ஓட்டுகிற பைத்தானுக்கே போய்ச் சேரும்.

நம் சொந்தப் பேக்கேஜை எந்த ஃபோல்டரில் நின்றும் கூப்பிட வேண்டுமென்றால், கணக்கு ஃபோல்டரில் பைப்ராஜெக்ட்.டாம்ல் என்று ஒரு கோப்பு வைத்து, பெயரும் பதிப்பு எண்ணும் எழுதி, ஒரு வென்வ் (திட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான்) சூழலுக்குள் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -இ .' கொடுங்கள். -இ போடுவதால் நகல் எடுக்காமல் உங்கள் ஃபோல்டரையே சுட்டும், திருத்தம் உடனே தெரியும். திட்டத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், அந்த இடத்தில் தமிழ் செல்லாது. பழைய செட்அப்.பிஒய்யில் ஃபைண்ட்_பேக்கேஜஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: __இனிட்__ இல்லாத ஃபோல்டரை அது சேர்த்துக்கொள்ளாது. உங்களிடம் ஓடும், நிறுவியவரிடம் ஓடாது.

அறிகுறி: குன்னூர் வருகிறது, குந்தா வருகிறது, கோத்தகிரி மட்டும் வரவில்லை

தாலுகா கோப்புகள் மூன்றையும் அக்கா மகன்தான் உருவாக்கிப் பென் டிரைவில் கொடுத்தான். மூன்றும் ஒரே ஃபோல்டர், ஒரே மாதிரி இம்போர்ட் வரி. கோத்தகிரிக்கு மட்டும் "நோ மாட்யூல் நேம்ட்". ஃபோல்டரைத் திறந்தால் கோத்தகிரி.பிஒய் அங்கேயே இருக்கிறது. பாத் சரி, நேம் சரி, __இனிட்__ சரி. ஒரு மணி நேரம் போனது.

கடைசியில் ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஓஎஸ்.லிஸ்ட்டிர் மூலம் எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் லென் போட்டுப் பார்த்தேன். நான் தட்டிய 'கோத்தகிரி'க்கு 9 குறிகள். அவன் கோப்பின் பெயரில், .பிஒய் என்ற வாலை நீக்கியபின், 10. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்று. அல்லது க-வுக்குப் பின் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு. அவன் தட்டச்சு முறை விசைப்பலகையில் கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கிறவன், அவன் கணினியில் இருந்த மென்பொருள் அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை. பைத்தானோ நிரலில் எழுதிய பெயர்களை எப்போதும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் தேடும். வட்டில் இருக்கும் கோப்புப் பெயரை அது மாற்றுவதில்லை. சேர்த்த பெயரைத் தேடிப் போனால் பிரித்த பெயர் நிற்கிறது. லினக்ஸில் அவை வேறு வேறு கோப்புகள். குன்னூரிலும் குந்தாவிலும் ஒகர ஓகார எழுத்தே இல்லை, அதனால் தப்பித்தன. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் வரும் பெயருக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு.

வழி: யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு பெயரையும் 'என்எஃப்சி' என்ற சேர்த்த வடிவத்துக்கு அதில் மாற்றி, பழையதும் புதியதும் வேறாக இருந்தால் ஓஎஸ்.ரீநேம் செய்யும் நாலு வரி எழுதினேன். கோத்தகிரி வந்துவிட்டது.

விஷயத்தைப் போனில் சொன்னதும் அவன் கேட்டான்: "அப்போ மாமா, 'கௌ'ங்கிறதை 'கெ'யும் 'ள'வுமா அடிச்சிருந்தா?"

அதற்கு நார்மலைஸ் உதவாது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடுக்கு அவை சம்பந்தமில்லாத இரண்டு எழுத்து. காலுக்குப் பதில் ரகரத்தை அடித்துவிட்டாலும் இதே கதைதான். பெயரை லிஸ்ட்டுக்குள் போட்டு ஒவ்வொரு குறியாகப் பிரித்து, யூனிகோட்டேட்டா.நேம் கொடுத்தால் எது குறி, எது எழுத்து என்று பெயர் சொல்லிக் காட்டும். அப்படிப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும். அவன் உடனே தன் லேப்டாப்பில் 'கௌ' வரும் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடப் போய்விட்டான்.